அசைந்தால் சாமான், அசையாவிட்டால் சுவர்

இப்போதெல்லாம் ஹாலுக்கு நடுவே சுவர் வைப்பது கர்நாடகமாம். பெரிய கூடமாகத் திறந்து விட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் புத்தக அலமாரியை நிறுத்தி, இந்தப் பக்கம் வரவேற்பறை, அந்தப் பக்கம் படுக்கை என்று பிரித்துக்கொள்வதுதான் நாகரிகமாம். ஓய்வு பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பெண் பொறியாளர், வழவழப்பான பத்திரிகை ஒன்றைப் பிரித்து இந்தப் படத்தைக் காட்டினார். "உங்க காலத்துல இப்படியெல்லாம் யாராவது யோசிச்சாங்களா சார்?" என்று கேட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ராயபுரத்தில் ஒரு துறைமுகத் தொழிலாளி பத்திரிகை எதுவும் பார்க்காமலேயே இதைச் செய்திருந்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தம்மா சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார். அங்கே வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் அரசு அடுக்கு வீடுகளுக்குக் குடியிருப்பு ஆய்வாளராக வேலையில் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். ஆறு மாதப் பயிற்சியில் கற்றதைத் தபால் கார்டில் எழுதிவிடலாம். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கூரை ஒழுக்கு, அப்புறம் அத்துமீறல். இந்த நான்காவதுதான் என் சோறு. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் நாங்கள் கட்டிக் கொடுத்த அடுக்கு வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. உள்ளே நுழைந்தால் ஒரே அறை. மூலையில் சமையல் மேடை. பின்னால் ஒரு பலகணி. அதில் ஏழு பேர், எட்டுப் பேர் இருப்பார்கள். கல்யாணமான மகன் இருப்பான், வயது வந்த மகள் இருப்பாள், இருமும் தகப்பன் இருப்பான். நடுவில் ஒரு மறைப்பு வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் விதி, சுவர் எழுப்பக் கூடாது என்றது. அதில் நியாயமும் உண்டு. வியாசர்பாடியில் ஒருவர் மூன்றாவது மாடியில் அரைச் செங்கல் சுவர் எழுப்பியதில், கீழ் வீட்டுக் கூரை கோடு கோடாக விரிசல் விட்டுவிட்டது. கீழ் வீட்டுக்காரர் தூங்கும்போது காரை பெயர்ந்து நெஞ்சில் விழுந்தது. மேல் வீட்டுக்காரரின் ஒதுக்கீட்டை ரத்து செய்தார்கள். அந்த வீட்டு அம்மாள் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை நான் கூடவே நின்று பார்த்தேன். நோட்டீஸை ஒட்டியவன் நான்தான். அதற்குப் பிறகு யார் வீட்டிலும் ஒரு ஆணியைப் பார்த்தால்கூடப் பிடுங்கச் சொல்வேன்.

எங்கள் மேலதிகாரி வரதன் சார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கால்சட்டை, பையில் ஒரு சாக்பீஸ் டப்பா. வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீடாக அவரே ஏறி இறங்குவார். அவர் வரும் முறையே தனி. கதவைத் தட்டிவிட்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். பெண்கள் சுதாரித்துக்கொள்ள நேரம் கொடுத்து, "வரலாமா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். எங்களில் வேறு யாரும் செருப்பைக் கழற்றியதில்லை. உள்ளே மறைப்பு எது இருந்தாலும், அது பலகையோ, பீரோவோ, தட்டியோ, அதன் எதிரே போய் நின்று இடது உள்ளங்கையை நெஞ்சு உயரத்தில் வைத்து ஒரு தள்ளு தள்ளுவார். அது அசைந்தால், "சாமான்." அசையாவிட்டால், "சுவர்." அவ்வளவுதான் தீர்ப்பு. சாமான் என்றால் கதவு நிலையில் சாக்பீஸால் ஒரு சரிக்குறி. சுவர் என்றால் பெருக்கல் குறி, பத்து நாளில் நோட்டீஸ். வாதம் கிடையாது. யாராவது அழுதால், "அசையலியேம்மா" என்று தன் கையைக் காட்டுவார், ஏதோ கைதான் குற்றவாளி மாதிரி.

நான் அந்தக் கையை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவருக்கு முன்னாலேயே போய் நானும் அப்படித் தள்ளிப் பார்ப்பேன். குடியிருப்பவர்களைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அவர் வருவதற்கு நாலு நாள் முன்னால் வீடு வீடாகப் போய், எது ஆடாதோ அதை ஆடும்படி செய்யச் சொல்வேன். "ஆணியைப் பிடுங்குங்க, கயிறு போட்டுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். இதனால் என் வட்டாரத்தில் பெருக்கல் குறி குறைந்தது. ஜனங்களும் என்னை நல்ல இன்ஸ்பெக்டர் என்றார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது உண்மை.

சூசை வீடு ராயபுரத்தில் நாலாவது மாடி. துறைமுகத்தில் கப்பலுக்குள் இறங்கிச் சரக்குத் தூக்கும் வேலை. மனைவி, மகன், அப்போதுதான் மகனுக்குக் கட்டி வந்த மருமகள் ரோசி, பிறகு மகள் பிலோமினா. பிலோமினா பள்ளியிறுதி தேறி, தட்டெழுத்தில் ஹையரும் முடித்திருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே அப்படிப் படித்த பெண் அவள் ஒருத்திதான். சூசை அதை நான் போகும்போதெல்லாம் சொல்வான். நான் கேட்காவிட்டாலும் சொல்வான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டு மாலுமிகள் தங்கும் விடுதி ஒன்றில் வாசகசாலையை மூடிவிட்டார்கள். அங்கே கிடந்த இரண்டு தேக்கு அலமாரிகளையும், அதில் இருந்த புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். சூசையும் அவன் தோஸ்துகள் ஆறு பேரும் நாலு மாடி தூக்கி ஏற்றினார்கள். ஏழடி உயரம், முதுகுப் பலகை கிடையாது, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். அறைக்குக் குறுக்கே வரிசையாக நிறுத்தியதும் வீடு இரண்டாகிவிட்டது. அந்தப் பக்கம் மகனும் மருமகளும். இந்தப் பக்கம் மற்றவர்கள்.

புத்தகங்கள் எந்தெந்தத் தேசத்துப் பாஷையோ. ஒருவருக்கும் ஒரு எழுத்துப் புரியாது. "படிக்கறதுக்கு இல்ல சார், அடைக்கறதுக்கு" என்றான் சூசை. நிற்கும்போது கண் எட்டும் இடம்தானே மறைய வேண்டும்? அதனால் தடிமனான புத்தகங்களை எல்லாம் மேல் தட்டுகளில் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கியிருந்தார்கள். கீழ்த் தட்டுகள் காலி. ஜன்னல் ஒரு பக்கம்தான் என்பதால், தரையில் படுக்கிறவர்களுக்குக் கடல் காற்று வரட்டும் என்று அங்கே பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் கட்டடம் படித்தவன். மேலே பாரம், கீழே காலி என்பது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். என் கண் போனது வேறு இடத்துக்கு. சூசை துறைமுகத்தில் கிடைத்த பட்டை இரும்பை வளைத்து, அலமாரியைப் பக்கச் சுவரோடு இரண்டு இடத்திலும், கூரையோடு ஓர் இடத்திலும் இறுக்கி, இரண்டு அலமாரிகளையும் ஒன்றோடொன்று பிணைத்திருந்தான். கையை வைத்துத் தள்ளினேன். மலை மாதிரி நின்றது.

"இது சுவர், சூசை" என்றேன்.

"இன்னா சார், புக்கு அலமாரி சார் இது."

"ஆடலையே. வெள்ளிக்கிழமை பெரியவர் வர்றார். ஒதுக்கீடு போயிடும். இரும்பெல்லாம் கழட்டிடு."

அவன் மேலே பார்த்தான். கப்பல் சரக்கோடு வாழ்கிறவன், எது சரியும் எது சரியாது என்று அவனுக்குத் தெரியும். "கழட்டுனா வுழாதா சார்? மேல இம்மாம் கனம் கீது."

"கனம் இருக்கறதாலதான் விழாது" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சொன்னது. அவன் நம்பினான். படித்தவன் சொல்கிறான் என்று நம்பினான்.

வெள்ளிக்கிழமை வரதன் சார் வந்தார். முகத்தைத் திருப்பி நின்றார், செருப்பைக் கழற்றினார். அலமாரிக்கு எதிரே நின்று புத்தகங்களின் முதுகை ஒரு நிமிஷம் பார்த்தார். "யாரும்மா படிக்கறது?" என்று கேட்டார். அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து ரோசி களுக்கென்று சிரித்தாள். பிலோமினா அவளை அதட்டினாள். அவர் கையை வைத்துத் தள்ளினார். அலமாரி ஆடியது. மேல் தட்டில் ஒரு புத்தகம் நழுவி மறுபடி சரியாக உட்கார்ந்தது. "சாமான்" என்றார். சரிக்குறி விழுந்தது. ஒரு அலமாரி ஆடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படியிறங்கும்போது சூசை என் பின்னாலேயே வந்தான். "இப்ப இரும்ப திரும்பப் போட்டுக்கலாமா சார்?"

அப்போது சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் திடீர்ச் சோதனை என்று ஒன்று உண்டு. மேலிடத்திலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டால், இன்ஸ்பெக்டர் என்ன செய்துகொண்டிருந்தான் என்று என்னைக் கேட்பார்கள். "இப்படியே இருக்கட்டும் சூசை. எதுக்கு வம்பு?" என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

நாலைந்து மாதம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அலமாரியில் ஒரு ஜன்னல் செய்து வைத்திருந்தார்களாம். கண் உயரத்தில் ஒரு தடித்த சிவப்புப் புத்தகத்தை உருவினால் அந்தப் பக்கம் முகம் தெரியும். சீப்பு, பவுடர், ஊறுகாய் எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். நாத்தனாரும் அண்ணியும் அதன் வழியாகவே ஊர்க்கதை பேசுவார்கள்.

பிலோமினாவுக்குத் தட்டெழுத்தாளர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை, ரோசி அந்தப் பக்கமிருந்து சீப்பு கேட்டாள். மழைக் காலம், புத்தகங்கள் ஈரத்தில் ஊதி இறுகியிருந்தன. பிலோமினா சிவப்புப் புத்தகத்தைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். புத்தகத்தோடு அலமாரியே வந்தது. சாய்கிறதைப் பார்த்து ஒதுங்காமல், அதைத் தாங்கப் பார்த்திருக்கிறாள். வலது கை சமையல் மேடையின் விளிம்புக்கும் தேக்குச் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

எனக்குச் சொல்ல ஆள் வந்தபோது நான் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில் சூசை உட்கார்ந்திருந்தான். உள்ளே பிலோமினா, முழங்கைவரை மாவுக்கட்டு. மூன்று விரல் எலும்பு நொறுங்கிவிட்டதாகவும், இரண்டு விரல் இனி மடங்காது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ரோசி கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நாந்தான் கேட்டேன், நாந்தான் கேட்டேன்" என்று அரற்றிக்கொண்டிருந்தாள். அவள் சீப்புதான் கேட்டாள். இரும்பைக் கழற்றச் சொன்னது நான்.

எங்கள் கட்டடத்தில் விபத்து நடந்தால் ஆய்வாளர் அறிக்கை எழுத வேண்டும், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் இணைக்க வேண்டும். பலத்த காயம் என்று எழுதினால் மேலிடத்து விசாரணை வரும். அலமாரி முன்பு எப்படி நின்றது, இரும்பு எங்கே, யார் கழற்றச் சொன்னது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கூரையில் துளை போட்டது வெளியே வந்தால் சூசைக்கு வீடு போகும். கழற்றச் சொன்னது வெளியே வந்தால் எனக்கு வேலை போகும். மூன்று நாள் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த வராந்தாவிலேயே, ஒரு மணி நேரத்துக்குள், பெஞ்சில் காகிதத்தை வைத்து எழுதிவிட்டேன். 'எங்கள் கவனக்குறைவால் அலமாரி சரிந்தது. லேசான காயம். யார் மீதும் புகார் இல்லை.' இது சூசையின் வீட்டைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அப்போது நான் பார்க்க விரும்பவில்லை.

சூசைக்குப் படித்துக் காட்டினேன். "நீ இன்னா சொல்றியோ அப்டியே எழுது சார். எங்க வூடு தங்கணும். உன் பேரு இதுல வராம பாத்துக்க" என்றான். மகளின் கை போய்க் கிடக்கிறது, அவன் என் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டான். அதற்கு அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

காகிதத்தைப் பிலோமினாவிடம் கொண்டுபோனேன். அவள் வாங்கி, தானே படித்தாள். 'லேசான காயம்' என்ற இடத்தில் நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். கையெழுத்துப் போட வலது கை இல்லை. நர்ஸிடம் மைப் பெட்டி வாங்கி வந்து நீட்டினேன். இடது கட்டைவிரலை அவளே மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினாள். தட்டெழுத்து ஹையர் தேறிய பெண் கைநாட்டு வைத்தாள். "தொடச்சிக்க எதுனா குடுங்க சார்" என்றாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அறிக்கையை வரதன் சார் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இரும்பு போட்டிருந்தானா?"

பொய் சொல்ல வரவில்லை. "போட்டிருந்தான் சார். நீங்க வர்றதுக்கு முன்னால நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "ஏன்யா?"

"நீங்க தள்ளினா அசையாதே சார்."

"என் கை எவ்வளவு அழுத்துதுன்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "செங்கல் வெச்சவன்தான்யா எனக்கு வேணும். கூரை தாங்காது, அதனால. மத்ததெல்லாம் சும்மா தொட்டுட்டு அசையுதுன்னு சொல்லிட்டுப் போவேன். புக்கு அலமாரிய இரும்பு போட்டு நிறுத்தினா எனக்கென்ன? அன்னிக்கு அது ஆடினப்ப எனக்கே பக்குன்னுது. ஏன்டா இவன் கட்டிப் போடலன்னு நினைச்சேன். சொல்லணும்னு நினைச்சேன். விதிப்படி சொல்லக்கூடாதேன்னு வந்துட்டேன்."

அவர் தொட்டுவிட்டுப் போன வீடுகளிலெல்லாம் நான் முன்கூட்டியே போய் எல்லாவற்றையும் ஆட வைத்திருக்கிறேன். எத்தனை வீடு என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. அவருக்கு ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது. 'லேசான காயம்' என்பதைப் பேனாவால் தொட்டு, "இது நிஜமா?" என்று கேட்டார். நான் மேஜையில் கிடந்த அவர் கண்ணாடியைப் பார்த்தேன். அதை எடுத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவரையும் நான் என்னோடு சேர்த்துக் கெடுத்தேன்.

மறுவாரமே என் வட்டாரம் முழுக்கப் போய், அவிழ்க்கச் சொன்னதையெல்லாம் திரும்பக் கட்டச் சொன்னேன். எழுத்தில் இல்லை, வாயால். எழுத்தில் விதியை மாற்றியிருக்க வேண்டும். பிற்பாடு வரதன் சார் நாற்காலிக்கே நான் வந்து சேர்ந்தேன், அப்போதும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசியில் சூசை இறந்துபோனான். மகனும் ரோசியும் எண்ணூர்ப் பக்கம் கம்பெனிக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு பிலோமினா என் அறைக்கு வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை செய்வதாக மனுவில் இருந்தது. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "நல்லாகீறீங்களா சார்?" என்றாள். நான் தலையாட்டினேன்.

எழுத்தர் புதியவர், கறாரானவர். பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "சார், மனுவுல கையெழுத்து இருக்கு. பழைய வாக்குமூலத்துல கைநாட்டு. ஒரே ஆள்தானா?" பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா, அப்ப ஏன் கைநாட்டு வெச்சீங்க? கையில ஏதும் பலமா அடியா? இதுல லேசான காயம்னுதானே போட்டிருக்கு?"

அந்தக் கையை முந்தானையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. என் வாய் திறக்கவில்லை.

"அடியெல்லாம் இல்ல சார்" என்றாள் எழுத்தரிடம். "அப்ப எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பள்ளிக்கூடமே போனதில்ல. இப்பதான் கையெழுத்து போடக் கத்துக்கினேன்."

எழுத்தர் திருப்தியாகத் தலையாட்டி, கோப்பில் குறிப்பு எழுதினார்: 'மனுதாரர் அக்காலத்தில் எழுத்தறிவற்றவர்.' மேலதிகாரி உறுதி செய்ய வேண்டும் என்று என் பக்கம் தள்ளினார். நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.